இரண்டு லாரிகளை ஒன்றாக ஏற்றிப் பார்க்கவில்லை

நீங்கள் எல்லாம் கொடுத்துவைத்தவர்கள். லினக்ஸ் வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள், காபி குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு சர்வர் தயாராக நிற்கிறது. அதற்குள் எந்த லைப்ரரி இருக்கிறது, யார் எந்த ஆப்ஷன்களோடு அதைக் கம்பைல் செய்தார்கள் என்று யாரும் உங்களைக் கேட்பதில்லை, நீங்களும் கேட்டுக்கொள்வதில்லை. கொஞ்சம் பொறாமையோடுதான் சொல்கிறேன். நான் ஓய்வுபெற்ற அன்று என்னைப் பேசச் சொன்னபோது, நன்றாக முடிந்த இரண்டு மூன்று வேலைகளைப் பற்றிச் சொல்லி, கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை இப்போது எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் ராயபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். முதலாளியையும் சேர்த்து ஆறு பேர். எடைமேடைகளுக்கு, அதாவது வேபிரிட்ஜுகளுக்கு, கணினி போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். லாரி மேடையில் ஏறி நின்றால் எடை திரையில் தெரியும், ஆபரேட்டர் வண்டி எண்ணை அடித்தால் ரசீது அச்சாகும். துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் யார்டுக்கு யார்டு எடைமேடை இருந்ததால் எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அந்த ஆறு பேரில் நான் ஒருத்திதான் பெண். எந்த யார்டுக்குப் போனாலும் வாசலில் நிற்பவர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒரு முறை எட்டிப் பார்ப்பார். சாமான் பெட்டியைக் கீழே வைத்து நானே திறக்கத் தொடங்கிய பிறகுதான், வந்த ஆள் நான்தான் என்று நம்புவார்.

திருவொற்றியூர் தாண்டி ஒரு பழைய இரும்பு யார்டு எங்கள் வாடிக்கையாளர். கப்பலில் வரும் உடைந்த இரும்பை அங்கே கொட்டி, லாரி லாரியாக உருக்காலைகளுக்கு அனுப்புவார்கள். உள்ளே வரும் வாசலில் ஒரு எடைமேடை, வெளியே போகும் வாசலில் ஒன்று. லாரி காலியாக வந்து உள்வாசலில் எடை போடும், சரக்கு ஏற்றிக்கொண்டு வெளிவாசலில் எடை போடும். இரண்டு மேடைக்கும் ஒரே கணினி, ஒரே புரோகிராம். அந்தப் புரோகிராமை எழுதியவள் நான். அதில் வாசலுக்கு ஒரு த்ரெட், அதாவது புரோகிராமுக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு கிளை, வைத்திருந்தேன். லாரி ஏறியதும் அந்தந்த த்ரெட் எடையைப் படித்து ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கும். ஆபரேட்டர் வண்டி எண், டிரைவர் பெயர் எல்லாம் அடித்து முடித்ததும் அந்தக் கோப்பிலிருந்து எடையை எடுத்து ரசீதில் போடும்.

கோப்புக்கு ஒரு பெயர் வேண்டுமே. அதற்கு நான் அதிகம் யோசிக்கவில்லை. அன்றைய லினக்ஸில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அடையாளமாகத் தனியாக ஒரு பிராசஸ் எண் உண்டு, அந்த எண்ணையே பெயராக வைத்துவிட்டேன். இரண்டு த்ரெட், இரண்டு எண், இரண்டு கோப்பு. மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

வெளிவாசலில் ஆபரேட்டராக இருந்தவர் அசோகன். வியாசர்பாடி குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். ஏழு வருடமாகத் தினக்கூலி. அந்த வருடம் நிரந்தரம் செய்வதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். லாரி மேடையில் ஏறும்போதே டயர் அமுங்குவதைப் பார்த்து, முப்பது டன்னா இருபத்தெட்டா என்று சொல்லிவிடுவார். திரையில் அதுதான் வரும். "உங்களுக்கு எதுக்கு என் கம்ப்யூட்டர்?" என்று ஒரு முறை கேட்டேன். "எனுக்கு வாணாம் மேடம், மேனேஜருக்கு ஓணும்" என்றார்.

கடற்காற்றில் அங்கே எதுவும் அதிக நாள் தாங்காது. கணினியின் விசிறியைத் துடைத்தால் துணியில் உப்பும் துருவும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வருடம் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பழையபடியே எல்லாவற்றையும் நிறுவிவிட்டுப் பிழைப்பைப் பார்த்திருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. லினக்ஸ் முழுவதையும் மூல நிரலிலிருந்து நாமே கம்பைல் செய்து கட்டினால்தான் லினக்ஸ் தெரிந்தவர் என்று நினைத்தேன். யாராவது தயாராகக் கட்டிக் கொடுத்ததைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம்.

எல்லாப் புரோகிராம்களும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரியைக் கம்பைல் செய்யும்போது த்ரெட் விஷயத்தில் ஒரு தேர்வு செய்யவேண்டியிருந்தது. பழைய த்ரெட் லைப்ரரி மட்டும் போதுமா, புதியது மட்டும் போதுமா, இரண்டும் வேண்டுமா? புதியது வேகம். பழையதில் இருந்த கோணல்களை எல்லாம் நிமிர்த்தி எழுதியிருந்தார்கள். இரண்டும் வேண்டும் என்று போட்டால் பழைய புரோகிராமைப் பழைய லைப்ரரியோடு ஓட்டிக்கொள்ளலாம், ஆனால் லைப்ரரி இரண்டு முறை கம்பைல் ஆகும். அந்தக் கணினியில் ஒரு முறைக்கே மதியம் ஆகிவிடும். யார்டு திங்கள் காலை திறந்தாக வேண்டும். அப்புறம், எனக்கு வீட்டுக்குப் போகவேண்டும். நான் புதியது மட்டும் என்று போட்டேன்.

புதிய லைப்ரரியில் ஒரு புரோகிராமின் எல்லா த்ரெட்டுக்கும் ஒரே பிராசஸ் எண்தான். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று விதியிலேயே சொல்லியிருக்கிறது, பழையதுதான் விதியை மீறிக்கொண்டிருந்தது. இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம். யாராவது கேட்டிருந்தால் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருப்பேன். என் புரோகிராம் அந்த எண்ணை நம்பித்தான் கோப்புக்குப் பெயர் வைக்கிறது என்பது மட்டும் என் நினைவுக்கு வரவில்லை. புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ஓடுகிற பிராசஸ்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் என் புரோகிராம் அதில் மூன்று நான்கு வரிகளை அடைத்துக்கொண்டு நிற்கும், இப்போது ஒரே வரி. சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு வரி எனக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று யோசிக்கவில்லை.

சோதித்துப் பார்க்காமல் கிளம்பவில்லை. அசோகன்தான் அன்று கேபினைத் திறந்துவிட வந்திருந்தார். யார்டில் அன்று நின்றது ஒரே ஒரு லாரி. அதன் டிரைவரை எழுப்பி, உள்வாசல் மேடையில் ஏற்றச் சொன்னோம், ரசீது சரியாக வந்தது. அப்படியே சுற்றிக்கொண்டு போய் வெளிவாசல் மேடையில் ஏற்றினார், அதுவும் சரியாக வந்தது. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் சரி. இதைவிட என்ன வேண்டும் என்று பெட்டியை மூடினேன். ஒரு லாரியால் இரண்டு மேடையில் ஒரே நேரத்தில் நிற்க முடியாது என்பதைத்தான் நான் அன்று யோசித்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து அசோகன் ஆபீசுக்குப் போன் செய்தார்.

"மேடம், ஸ்கிரீன்ல முப்பது டன் காட்டுது. ரசீதுல ஒம்போதுன்னு வருது. காலி வண்டி எடை மேடம் அது. ரத்து பண்ணிட்டு திரும்ப ஏத்துனா கரெக்டா கீது."

"பிரிண்டர் கேபிள் லூசா இருக்கும். ஒரு தடவை கழற்றி மாட்டுங்க."

"கேபிள் இல்ல மேடம். நானும் பாத்துகினே கீறேன். நான் இங்க வண்டி நம்பர் அடிச்சிகினு இருக்கும்போது, அந்தாண்ட உள்வாசல்ல ஒரு வண்டி ஏறுச்சுன்னா தான் இப்டி ஆவுது."

அவர் சொன்னதில் எல்லாமே இருந்தது. என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது, எதனால் என்பதற்கு ஒரு அடி முன்பு வரை அவரே வந்து நின்றுவிட்டார். உங்களில் ஒருவர் இப்படி ஒரு குறையை எழுதி அனுப்பினால் நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவேன். அன்று என்ன செய்தேன்? "இரண்டு வாசலுக்கும் சம்பந்தமே கிடையாதுங்க, தனித்தனி த்ரெட்" என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு "சரி மேடம்" என்று போனை வைத்தார். பத்தாவது கூட முடிக்காத ஆபரேட்டர் என் புரோகிராமைப் பற்றி எனக்குச் சொல்வதா என்ற எண்ணம்தான் அது. அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

அதற்குப் பிறகு அவர் எனக்குப் போன் செய்யவில்லை. தப்பாக வந்த ரசீதை ரத்து செய்து, அதன்மேல் கையெழுத்துப் போட்டு, லாரியை மறுபடி ஏற்றி எடை போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். லாரிக்காரர்களிடம் அதற்காகத் திட்டு வாங்கினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். வரிசை வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்ற ஒரு நாள், ஒரு டிரைவர் ரசீதைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரும்போடு முப்பது டன் எடையுள்ள ஒரு லாரி, ஒன்பது டன் என்று போட்ட ரசீதோடு வெளியே போயிற்று.

மறுநாள் யார்டு மேனேஜர் என்னை வரச் சொன்னார். அவர் அறையில் அசோகன் நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் ஒரு கட்டு ரசீது, எல்லாம் அசோகன் ரத்து செய்து கையெழுத்திட்டவை. அவர் ஒழுங்காக எடுத்து வைத்திருந்த அந்தக் கட்டே அவருக்கு எதிராக மேசைமேல் இருந்தது. ஒரே வண்டிக்கு இரண்டு ரசீது எதற்கு? குறைந்த எடை போட்டுப் பார்த்து, யாராவது கவனித்தால் மாற்றிக்கொள்வதற்குத்தானே? மேனேஜர் அப்படித்தான் நினைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கம்ப்யூட்டர் இந்த மாதிரி தப்பா எடை போடுமா? புதுசா நீங்க போட்டுக் குடுத்ததுக்கு அப்புறம்தான் இது நடக்குதுங்கறான் இவன்" என்றார்.

"புதுசா நீங்க போட்டுக் குடுத்ததுக்கு அப்புறம்" என்பதுதான் என் காதில் விழுந்தது. பெண்பிள்ளையை அனுப்பினார்கள், இப்படி ஆகிவிட்டது என்று இந்த ஆள் முதலாளியிடம் சொல்வார் என்று என் மனம் அதற்குள் ஓடிப்போய்விட்டது. "வாய்ப்பே இல்லை சார். இரண்டு மேடையையும் நானே சோதித்துப் பார்த்தேன். அசோகனும் கூட இருந்தார்" என்றேன்.

அசோகன் மேனேஜரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"மேடம், ரெண்டு வாசல்லயும் ரெண்டு வண்டிய ஒண்ணா ஏத்திப் பாரு மேடம். ஒரு தபா. அஞ்சு நிமிசம் ஆவுமா?"

வெளியே இருபது லாரி நின்றுகொண்டிருந்தது. இரண்டை ஏற்றிப் பார்க்க உண்மையிலேயே ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். "அதெல்லாம் தேவையில்லை" என்றேன். குரலை உயர்த்தக்கூட இல்லை. மேனேஜர் தலையாட்டினார். அன்று மாலையே அசோகனை நிறுத்திவிட்டார்கள். தினக்கூலிக்கு நோட்டீசா, விசாரணையா? நாளை முதல் வராதே என்றால் முடிந்தது.

மூன்று வாரம் ஆயிற்று. வெளிவாசலில் புதிதாக வந்த ஆபரேட்டர் போன் செய்தார். திரையில் முப்பத்தொன்று, ரசீதில் ஒன்பதரை என்றார். அசோகன் போன பிறகும் இது நடக்கிறது. மேசைக்கு வந்து புரோகிராமைத் திறந்தேன். கோப்புக்குப் பெயர் வைக்கும் வரிக்குப் போக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு த்ரெட், ஒரே எண், ஒரே கோப்பு. வெளிவாசல் எடையை எழுதி வைக்கிறது, ரசீது அச்சாவதற்குள் உள்வாசலில் ஏறிய காலி லாரியின் எடை அதன்மேல் வந்து உட்காருகிறது. கோப்பின் பெயரில் வாசல் எண்ணைச் சேர்த்தேன். ஒரே வரி. அன்று மதியமே போய்ப் போட்டுவிட்டேன். ஒரே நேரத்தில் இரண்டு லாரிகளை ஏற்றச் சொல்லிப் பார்த்தேன், சரியாக வந்தது. "இன்னா மேடம் ப்ராப்ளம்?" என்று புது ஆபரேட்டர் கேட்டார். "ஒண்ணுமில்லை, சின்னதா ஒரு செட்டிங்" என்றேன்.

முதலாளியிடம் மட்டும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, என் பிரசவத்துக்கு மூன்று மாதம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தவர். "சரி பண்ணியாச்சு இல்லம்மா? விடுங்க. நாமளா போய் சொன்னா, போன லாரிக்கு நம்ம தலையில கை வைப்பாங்க. மத்த யார்டுக்காரனும் கேப்பான்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அவர் அப்படிச் சொல்லமாட்டாரா என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் அவர் அறைக்குள் போனேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள், எந்த ஆப்ஷனைத் தேர்ந்தெடுப்பது என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்று. புதியதைத் தேர்ந்தெடுத்தது தப்பே இல்லை. கொஞ்ச காலத்தில் உலகமே அதற்கு மாறிவிட்டது, பழையதைத் தூக்கியும் போட்டுவிட்டார்கள். தேர்வில் பிசகலாம், எல்லாரும் பிசகியிருக்கிறோம். அதனால் என்ன ஆகிறது என்று அந்தக் கணினி முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஆள் வந்து சொல்லும்போது காது கொடுக்கவேண்டும். அதை நான் செய்யவில்லை. என் பின்னால் வேறு யாரோ வருகிறார்களா என்று எட்டிப் பார்த்த எல்லார் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. நானும் ஒருவரை அப்படித்தான் நடத்தினேன் என்று புரிய எனக்குப் புது ஆபரேட்டரின் போன் தேவைப்பட்டது. புரிந்த பிறகாவது ஒழுங்காக நடந்துகொண்டேனா என்றால், அதுவும் இல்லை.

ஆறேழு மாதம் கழித்து சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். லாரியிலிருந்து கம்பிக்கட்டு இறக்கிக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து "மேடம்" என்று ஒரு குரல். அசோகன். தலையில் துண்டு, தோளில் சாக்கு. ஆள் பாதியாகியிருந்தார்.

"நல்லா கீறியா மேடம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுரோட்டில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, நீங்கள் போனில் சொன்னதுதான் காரணம், சரிசெய்துவிட்டேன் என்று. லாரிமேல் நின்றவர் கூப்பிட்டதற்கு, அசோகன் இரு என்று கையைக் காட்டினார்.

"அப்பவே சொன்னேன்ல மேடம்" என்றார். குரலில் கோபம் இல்லை. "சரி, இப்ப ஒண்ணு பண்ணு. அதோ, அந்த வேபிரிட்ஜு ஒரு பாயோடது. தண்டையார்ப்பேட்டைக்காரரு, நல்ல மனுசன். ஆள் இல்லாம பேஜார் பட்டுகினு கீறாரு. நான் போய் கேட்டேன். எடையில கை வெச்சேன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாமே, அப்டி இல்லன்னு யார்னா எழுதிக் குடுத்தா நாளைக்கே உக்காருன்னாரு. எனுக்கு யாரு எழுதித் தருவா? நீ எழுதித் தர்றியா?"

"இரண்டு நாளில் கொண்டுவருகிறேன்" என்றேன்.

கம்பெனி லெட்டர்பேடில் தரமுடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். "உங்க பேர்ல குடுத்தாலும் அது கம்பெனி குடுத்த மாதிரிதாம்மா" என்றார். இரண்டு நாள் இரண்டு வாரம் ஆயிற்று. கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் நானே டைப் செய்தேன். 'மேற்படி யார்டின் எடைமேடைக் கணினியில் தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டிருந்தது. ரசீதுகளில் காணப்பட்ட வேறுபாடுகள் அதனால் நேர்ந்தவை. இதில் ஆபரேட்டருக்குப் பங்கில்லை.' நன்றாகப் பூசி மெழுகி எழுதியிருந்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. அசோகன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, லாரி ஓரமாக ஒதுங்கி நின்று, காகிதத்தை மெதுவாக இரண்டு முறை படித்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"கோளாறு ஆச்சுன்னு போட்டுக்கிற மேடம். யாரு எழுதுனதுன்னு போடலியே. பாய் கேப்பாரு. நானே டைப் அட்ச்சி எடுத்தாந்தேம்பாரு. கீழ உன் பேரு போட்டு ஒரு கையெழுத்து போட்டுக் குத்துடு, போதும்."

பேனா கைப்பையில்தான் இருந்தது. பையின் ஜிப்பைத் திறக்கக்கூடச் செய்தேன். எந்தக் கம்பெனி என்று பாய் கேட்பார், அது அந்த யார்டு மேனேஜர் காதுக்குப் போகும், முதலாளிக்குத் தெரியும், அன்று அறையில் நான் சொன்ன "வாய்ப்பே இல்லை" எல்லார் வாயிலும் அடிபடும் என்று ஒவ்வொன்றாகத் தோன்றிக்கொண்டே வந்தது.

"கம்பெனியில ஒரு வார்த்தை கேட்டுட்டு, நாளைக்குக் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. "சரி மேடம், மறக்காத" என்று சொல்லி, காகிதம் நனையாமல் நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். அந்தப் பாயின் எடைமேடைக் கேபினை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு லாரிக்குப் போனார்.

மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.